பொயிலருக்கு வைத்த பொட்டு

என் அக்காவின் புருஷன் இந்திரகுமாருக்கு இந்த உலகத்தில் வாயில் வராத சொல் ஒன்று உண்டென்றால், அது 'தெரியாது'. அவரை நான் அத்தான் என்று கூப்பிடத் தொடங்கி முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. போன வருஷம்வரை அந்தச் சொல் தவறியும் அவர் வாயிலிருந்து விழுந்து நான் கேட்டதில்லை. முழங்கால் வலியா, நோர்வே சட்டமா, நல்ல இறால் எங்கே வாங்கலாம், ஊரார் பிள்ளைகள் என்ன படிக்கவேண்டும், எதைக் கேட்டாலும் பதில் சுடச்சுட வரும். அது சரியாகவும் இருக்கவேண்டும் என்று நீங்கள் எதிர்பார்த்தால் அது உங்கள் பிழை.

ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறார். ஆனால் கல்யாண வீட்டில் யாராவது "என்ன வேலை செய்யிறியள்?" என்று கேட்டால், "மெக்கானிக்கல் பக்கம்" என்பார். பஸ்ஸுக்கும் எஞ்சின் இருக்கிறதுதானே, பொய் என்று சொல்லிவிட முடியாது.

இந்த எஞ்சினியர் பட்டம் அவருக்கு எங்கே கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் கடைசியில் கரவெட்டியிலிருந்து வந்த மனிதர் முதலில் போய்ச் சேர்ந்தது நோர்வேயின் வட முனையில் இருக்கும் பாட்ஸ்பியோர்ட்டில், ஒரு மீன் தொழிற்சாலைக்கு. வெட்டும் மேசைக்கு மீனைக் கொண்டுவருகிற பட்டி ஒருநாள் நின்றுபோயிற்று. மெக்கானிக் வரட்டும் என்று எல்லோரும் கோப்பி குடிக்கப் போய்விட்டார்கள். அத்தான் மட்டும் போகாமல் நின்று, பூட்ஸ் காலால் பட்டியின் பக்கத்தில் ஓர் உதை விட்டார். அது ஓடத் தொடங்கிவிட்டது. மேற்பார்வையாளன் வந்து முதுகில் தட்டி 'பிளிங்க்' என்றானாம். கெட்டிக்காரன் என்று அர்த்தம். நோர்வேக்காரர்கள் தங்கள் நாய் சொன்ன இடத்தில் குந்தினாலும் பிளிங்க் என்றுதான் சொல்வார்கள். அத்தானுக்கு அதெல்லாம் கணக்கில்லை. அன்றைக்கு எஞ்சினியர் ஆனவர்தான், இன்னும் ஓய்வு பெறவில்லை.

குரோருட்டில் நான் இருக்கும் மாடிவீட்டில் உடுப்புத் தோய்க்கிற மெஷின் ஒன்று இருக்கிறது. நீர் வழிகிறதென்று அத்தான் வந்து திருத்திவிட்டுப் போனார். அன்றிலிருந்து அது சுற்றத் தொடங்கினால் குளியலறைச் சுவரை விட்டுக் கிளம்பி வாசல்வரை வந்து நிற்கிறது. போன் பண்ணிச் சொன்னேன்.

"நான் அதின்ரை வேகத்தைக் கூட்டி விட்டனான் பிள்ளை. அதுதான். நீ பயப்பிடாதை" என்றார்.

நான் பயப்படவில்லை. உடுப்புத் தோய்க்கும்போது மெஷினுக்கு மேலே ஏறி இருந்துகொள்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அத்தானும் என் அக்கா தர்மினியும் குரோருட் பள்ளத்தாக்கின் மேல் விளிம்பில், காட்டோரமாய் உள்ள ஒரு வரிசை வீடுகளில் ஒன்றை வாங்கினார்கள். ஒஸ்லோவில் எல்லோரும் கரண்டில்தான் வீட்டைச் சூடாக்குகிறோம். அந்த வரிசை வீடுகளுக்கு மட்டும் காஸ். பெரிய தாங்கி ஒன்றை மண்ணுக்குள் புதைத்து, அதிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் குழாய் இழுத்திருந்தார்கள். கீழ்த்தளத்து அறையில் ஒரு பொயிலர் எரியும். அது சூடாக்குகிற தண்ணீர் தரைக்கு அடியில் ஓடும். மார்கழியிலும் வெறுங்காலோடு நடக்கலாம். எங்கள் ஆட்கள் கரண்ட் பில்லைப் பற்றி அழும் இடமெல்லாம் அத்தான் போய் நின்று, "நாங்கள் காஸ்" என்று ஒரு சொல்லுச் சொல்லிவிட்டு வருவார்.

காஸ் பொயிலரை வருஷத்துக்கு ஒருமுறை ஆள் வந்து பார்க்கவேண்டும். அதற்கென்று படித்து அனுமதி வாங்கிய ஆள். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் அத்தானின் போனுக்கு ஞாபகமூட்டல் வரும், அத்தான் அழிப்பார். பக்கத்து வீட்டு நரேஷ் கோயம்புத்தூர்க்காரன், கம்ப்யூட்டர் வேலை. அவன் வேலிக்கு மேலால் கேட்பான்.

"அண்ணா, எங்க வீட்டுக்கு நாளைக்கு சர்வீஸ் ஆள் வர்றாரு. உங்களுக்கும் சேர்த்துச் சொல்லிடட்டுமா?"

"எங்கடை வீட்டிலை அதெல்லாம் முடிஞ்சுது தம்பி."

உள்ளே வந்து எங்களிடம், "இந்தியாக்காரருக்கு பல்ப் மாத்தவும் ஆள் வேணும்" என்பார்.

முடிந்தது என்று அவர் சொன்னது பொய்யில்லை. அத்தான் வருஷம் தவறாமல் பொயிலருக்கு சர்வீஸ் செய்தார். நவராத்திரியின் கடைசியில் ஆயுத பூசையன்று. ஈரத்துணியால் துடைத்து, மூன்று குறி திருநீறு இழுத்து, நடுவில் சந்தனப் பொட்டும் அதன்மேல் குங்குமமும் வைத்து, பிளாஸ்டிக் மாலை ஒன்றையும் போட்டுவிடுவார். கார், மின்துளைப்பான், அக்காவின் மிக்ஸி எல்லாவற்றுக்கும் நடக்கிற பூசைதான். பொயிலருக்கு மட்டும் கூடுதலாய் ஒரு தேங்காய். மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தாரா என்று கேட்காதீர்கள். சாமிக்குத் தெரியாததா உள்ளே இருக்கப்போகிறது?

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. போன வருஷம் அக்காவுக்கு ஓர் ஆசை வந்தது. மேலே கூடத்து மூலையில் இருந்த சாமிப்படங்களுக்குத் தனி அறை வேண்டும். வீட்டிலேயே சூடான, சத்தமில்லாத, ஒருவரும் சப்பாத்தோடு வராத அறை எது? பொயிலர் அறை. படங்கள் கீழே இறங்கின. அங்கே சுவரின் அடியில் கையகலத்துக்கு ஓர் ஓட்டை இருந்தது. எரிகிற பொயிலருக்கு வெளிக்காற்று வேண்டும் என்று கட்டியவன் வைத்த ஓட்டை. அதால் வந்த காற்றில் அக்காவின் விளக்கு ஒரு நிமிஷம் நின்று எரியவில்லை.

"இஞ்சேருங்கோ, விளக்கு நூருது. அபசகுனமெல்லோ?" என்றாள் அக்கா.

இதுபோல ஒரு வேலைக்காகத்தானே அத்தான் பிறந்தது? அளந்து ஒரு பலகை வெட்டி, ஓட்டைக்கு நேரே திருகாணி போட்டு இறுக்கி, விளிம்பெல்லாம் சிலிக்கோன் பூசி, அதன் முன்னால் முருகன் படத்தைச் சாத்தி வைத்தார். விளக்கு ஆடாமல் அசையாமல் எரிந்தது. சும்மா சொல்லக்கூடாது, வாழ்க்கையில் அத்தான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அந்தப் பலகைதான். ஒரு பொட்டுக் காற்றுக்கூட அதால் வராது.

பிறகு, அதே அறையில் மணமில்லாத நச்சுவாயுவுக்குக் கத்துகிற கருவி ஒன்று இருந்தது. அக்கா கரியைப் பற்றவைத்துச் சாம்பிராணி போட்டதும் அது வீடே அதிரக் கத்தியது. அத்தான் அதைக் கழற்றி, "உது பழுதாப்போன சாமான், சாம்பிராணிக்கும் காஸுக்கும் வித்தியாசம் தெரியேல்லை" என்று தீர்ப்புச் சொல்லி, பற்றரிகளைப் பிடுங்கினார். பிடுங்கியதை வீணாக்கவில்லை. பிள்ளையாரின் தலைக்குப் பின்னால் சுற்றிச்சுற்றி எரிகிற ஒளிவட்டம் ஒன்று, அத்தான் ஊரிலிருந்து வாங்கிவந்தது, சும்மா கிடந்தது. அதற்குப் போட்டார். பிள்ளையார் சிவப்பும் பச்சையுமாய்ச் சுற்றினார்.

அந்த ஆயுத பூசைக்கு நானும் போயிருந்தேன். வடை பொரித்த புகையை இழுக்க மேலே அடுப்பு விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் பொயிலரின் மூடிக்குக் கீழே ஊதுபத்தியைக் காட்டினார். புகை மேலே புகைக்குழாய்க்குள் போகாமல், வளைந்து திரும்பி எங்கள் முகத்துக்கு வந்தது.

"பாத்தியோ பிள்ளை, பாத்தியோ! ஒவ்வொரு வருஷமும் மேலை போறது இந்தமுறை எங்களிட்டைத் திரும்பி வருது. சாமி ஏத்துக்கொண்டிட்டார். இது வரம்!" என்று கண்கலங்கினார்.

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கு இருமல் வந்தது. எங்கள் குடியிருப்பில் வெந்நீர் எங்கோ ஒரு பெரிய கொதிகலனிலிருந்து குழாயால் வருகிறது, அதனால் காஸைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் வடையைச் சாப்பிட்டுவிட்டு ரயில் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்கழிக் கடைசியில், நத்தார் விடுமுறைக்கு அவர்களுடைய மகள் பிரியந்தினி வந்தாள். ஒரே பிள்ளை. ஸ்தவாங்கரில் படிக்கிறாள். என்ன படிக்கிறாள் என்று கேளுங்கள், கடலுக்கு நடுவில் எண்ணெய் எடுக்கும் மேடைகளில் காஸ் கசியாமல் வெடிக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று. சத்தியமாய். அத்தான் அதைச் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. கடைசி வருஷத்து ஆய்வுக்கட்டுரை எழுதவேண்டும், தை முடியும்வரை வீட்டில்தான் என்றாள். இருந்து எழுதச் சூடான, அமைதியான இடம் கேட்டாள். பொயிலர் அறைக்குப் பக்கத்து அறையைக் கொடுத்தார்கள். வந்த அன்றைக்கே அவள் கேட்டாள். நானும் அங்கே நின்றேன்.

"அப்பா, பொயிலருக்கு சர்வீஸ் செய்தாச்சோ?"

"ஓம் ஓம், செய்தாச்சு."

அவள் சரியென்று கணினியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். படித்த பிள்ளை, எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா என்று பிறகு பலர் கேட்டார்கள். கடல் மேடை என்றால் திருகாணி திருகாணியாகச் சோதித்திருப்பாள். சொந்த அப்பா 'செய்தாச்சு' என்று சொன்னதை எந்தப் பிள்ளை சோதிக்கும்?

ஒரு கிழமைக்குள் அவளுக்குத் தலையிடி. பிறகு சத்தி. எந்நேரமும் தூங்கி வழிந்தாள். இருபத்துநான்கு வயதுப் பெண் காலையில் சத்தி எடுத்தால் எங்கள் அம்மாமாருக்கு நினைவு காஸ் பக்கம் போகுமா? அக்கா குளியலறையைப் பூட்டிக்கொண்டு எனக்குக் குசுகுசுத்தாள்.

"கஜேந்தினி, ஒருக்கா நீ அவளிட்டைக் கதைச்சுப் பார். ஸ்தவாங்கரிலை ஆரோ பெடியனாம் எண்டால் பரவாயில்லை. மற்றது எண்டால் நான் என்ன செய்வன்?"

நான் அவளை என் வீட்டுக்குக் கூப்பிட்டேன். வந்த பிள்ளை இரண்டு நாளில் ஆளே மாறிவிட்டாள். தோசை தோசையாகச் சாப்பிட்டு, என்னோடு மெஷினுக்கு மேலே ஏறி இருந்து சிரித்தாள். "சித்தி, அம்மா என்ன நினைக்கிறா எண்டு எனக்குத் தெரியும். அப்பிடி ஒண்டும் இல்லை. எழுதி எழுதித்தான் தலையிடி" என்றாள். அக்காவுக்குச் சொன்னேன், பிள்ளை இங்கே நல்லாகத்தான் இருக்கிறாள் என்று.

உடனே அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என் வீட்டில் நல்லாக இருக்கிறாள், தன் வீட்டில் சுகமில்லை. அப்படியென்றால் தன் வீட்டுக்கு நாவூறு! யாரோ காஸ் வீட்டைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறார்கள். பிள்ளை திரும்பிவந்த அன்றே செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். பொயிலர் அறையில் காலை மாலை சாம்பிராணி. தனக்கும் தலை சுற்றுகிறது என்று மூன்றாவது வேளையும் போட்டாள்.

பொயிலரும் தன்னால் ஆனமட்டும் சொல்லிப் பார்த்தது. அடிக்கடி சிவப்பு விளக்கைப் போட்டு நின்றது. அத்தான் இறங்கிப் போய் பொத்தானை அமத்துவார், எரியும். மறுபடி நிற்கும், மறுபடி அமத்துவார். நீலமாய் எரிந்துகொண்டிருந்த சுவாலை மஞ்சளாகிப் போனது. மஞ்சள் மங்களமான நிறம்தானே என்றார். மூடியின் விளிம்பில் கரி படிந்ததைக் காட்டி, "கறுத்தப் பொட்டு மாதிரி. நல்லது, கண் படாது" என்று அக்காவைத் தேற்றினார். இதையெல்லாம் அக்கா எனக்குப் போனில் சொல்லும்போது நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

தைப்பொங்கல் வந்தது. வெளியே குளிர் மூக்கு மயிரை உறையவைத்தது. முந்தின வருஷம் அத்தான் முற்றத்துப் பனிக்குள் அடுப்பு மூட்டி, பால் மத்தியானமாகியும் பொங்காமல், கடைசியில் எல்லோருமாய் நூடில்ஸ் தின்றோம். அதனால் இந்தமுறை உள்ளே, மின் அடுப்பில். பால் வழிந்து கருகினால் கூடத்துப் புகைக் கருவி கத்தும் என்று அடுப்புக்கு மேலே இருக்கும் புகை இழுக்கிற விசிறியை முழு வேகத்தில் விட்டிருந்தார். சன்னல் எல்லாம் பூட்டு.

நான் உள்ளே போனபோது கண்ணாடிகளில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அக்கா நெற்றியில் துணி கட்டியிருந்தாள். அத்தான் வேட்டியும் சால்வையுமாய், அகப்பையைப் பிடித்தபடி, ஏதோ யோசனையில் நிற்பவர்போல நின்றார். கண் மங்கிக் கிடந்தது.

"பிரியந்தினி எங்கை?"

"படுக்கிறாள். விடியவிடிய எழுதினவள். பொங்கப்போகுது, போய் எழுப்பிக்கொண்டு வா" என்றாள் அக்கா.

கீழே போனேன். திறந்திருந்த பக்கத்து அறையில் பிள்ளையார் சிவப்பும் பச்சையுமாய்ச் சுற்றிக்கொண்டிருந்தார். பிள்ளை கட்டிலில் சரிந்து கிடந்தாள். முகம் நல்ல நிறமாய், சிவந்து இருந்தது. கூப்பிட்டேன். உலுப்பினேன். கை துவண்டு என் மடியில் விழுந்தது. மூச்சு இருந்தது, பிள்ளை இல்லை. நான் போட்ட சத்தத்தில் மேலே அகப்பை விழுந்தது கேட்டது.

அத்தான் ஓடிவந்தார். வந்த மனுசன் என்ன செய்தார் தெரியுமா? சாமி அறைக்குள் புகுந்து திருநீறு எடுத்துவந்து அவள் நெற்றியில் பூசினார். நான் அதற்குள் அம்புலன்சுக்கு அடித்துவிட்டேன். மறுமுனையில் ஒரு பெண், அமைதியான குரல். மூச்சு இருக்கிறதா என்று கேட்டாள். வீட்டில் வேறு யாருக்கும் தலையிடி இருக்கிறதா என்றாள். இருக்கிறது, எல்லோருக்கும் என்றேன். அடுத்ததை அவள் ஏன் கேட்டாள் என்று எனக்கு விளங்கவேயில்லை.

"வீட்டை எதால் சூடாக்குகிறீர்கள்?"

"காஸ்."

"வெளியே போங்கள். எல்லோரும். இப்போதே."

நான் அத்தானைப் பார்த்துக் கத்தினேன், "தூக்குங்கோ, அவளைத் தூக்குங்கோ!" தூக்கினார். படியில் பாதியில் அவருக்கே முழங்கால் மடிந்தது. நான் பின்னால் நின்று தள்ளினேன். அக்கா அழுதுகொண்டே பொங்கல் பானையையும் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள், ஏன் என்று அவளைக் கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. சத்தம் கேட்டு நரேஷ் வந்து, தான் போட்டிருந்த தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிப் பனியில் விரித்தான். அதன்மேல் பிள்ளையைக் கிடத்தினோம்.

கிடத்திவிட்டு அத்தான் வீட்டுப் பக்கம் திரும்பினார்.

"நான் போய்ப் பொயிலரை நிப்பாட்டிப்போட்டு வாறன். அந்தப் பொத்தானை ஒருக்கா..."

எனக்கு வந்த கோபம்! சால்வையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். "அத்தான்! வாழ்க்கையிலை ஒருக்கா எண்டாலும் ஒண்டும் செய்யாமல் சும்மா நில்லுங்கோ!"

நின்றார். வேட்டியோடு, வெறுங்காலோடு, பனிக்குள் நின்றார். நரேஷ் சப்பாத்தைக் கொண்டுவந்து காலடியில் வைத்தும் போடவில்லை. அம்புலன்ஸ்காரர் பிள்ளையின் முகத்தில் ஒட்சிசன் மூடியைப் போட்டபோது அவர் வாய் மட்டும் அசைந்தது. "அவள் கேட்டவள்" என்றார். "சர்வீஸ் செய்தாச்சோ எண்டு கேட்டவள். நான் ஓம் எண்டனான்."

தீயணைப்புக்காரர்கள் முகமூடி போட்டு உள்ளே போனார்கள். கையிலிருந்த மீட்டர் வாசற்படியிலேயே கத்தத் தொடங்கியது. காஸைப் பூட்டி, கதவு சன்னல் எல்லாம் திறந்துவிட்டு, அவர்களின் பெரியவன் வெளியே வந்தான். ஒரு கையில் அத்தான் அடித்த பலகை, மறுகையில் முருகன் படம். படத்தை மரியாதையாய் அக்காவிடம் கொடுத்தான். பலகையை யார் அடித்தது என்று கேட்டான். அப்புறம், பொயிலரில் பூசியிருக்கிற வெள்ளையும் சிவப்பும் என்ன என்று கேட்டான்.

அத்தான் சொன்னார், "சர்வீஸ்."

அந்த மனிதன் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை, அந்த ஒரு நாளில்.

ஆஸ்பத்திரியில் எங்கள் எல்லோருக்கும் ஒட்சிசன் மூடி மாட்டிப் படுக்கவைத்தார்கள். பிரியந்தினி பின்னேரம் கண் திறந்தாள். நான் இருந்தபடியே அழுதுவிட்டேன், வெட்கமில்லை. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று டாக்டர் சொல்லத் தொடங்கினார். போதும் என்று கையைக் காட்டினேன். அத்தான் கட்டிலருகில் குனிந்து நின்றார். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தார் போல. அவள் மூடியை ஒதுக்கிவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, பால் எந்தப் பக்கம் பொங்கி வழிஞ்சது?"

எந்தப் பக்கம் வழிகிறதோ அதை வைத்து அந்த வருஷத்தின் நல்லது கெட்டது சொல்வது எங்கள் வழக்கம். அத்தான் வீட்டில் அது எப்போதும் கிழக்கேதான் வழியும். சுவர்ப்பக்கம் வழிந்தாலும் அந்தச் சுவர்தான் கிழக்கு என்று சாதித்துவிடுவார். இப்போதும் கிழக்கு என்றுதான் சொல்லப்போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியாதம்மா" என்றார். "எனக்குத் தெரியாது. நான் பாக்கேல்லை."

சொல்லிவிட்டு, அவள் கையில் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

வீட்டைச் சரிபார்க்கும்வரை மூன்று பேரும் என் வீட்டில் இருந்தார்கள். மெஷின் வாசல்வரை நடந்துவந்தது. அத்தான் பார்த்தார், கையை மடியிலேயே வைத்திருந்தார்.

சர்வீஸ் செய்ய வந்தவன் பெயர் எட்வேட். ஓயாமல் கதைக்கிற மனிதன். தன் நாயைப் பற்றி, தன் முதுகைப் பற்றி, தன் முன்னாள் மனைவியின் மீன்பிடி வள்ளத்தைப் பற்றி. கதையோடு கதையாகப் பொயிலரைக் கழற்றிக் கரியெல்லாம் துடைத்தான். புகை ஒழுங்காக மேலே போகிறதா என்று பார்க்க ஏதோ ஒரு குச்சியைத் தேடினான், பையில் இல்லை. அக்கா ஓர் ஊதுபத்தியைப் பற்றவைத்துக் கொடுத்தாள். ஓட்டை திறந்திருக்க, மூடிக்குக் கீழே பிடித்தான். புகை நூல் பிடித்தாற்போல் குழாய்க்குள் ஏறியது. பிறகு பழைய பலகையை ஓட்டையில் சாத்தி, மேலே போய் அடுப்பு விசிறியை முழு வேகத்தில் போடச் சொன்னான். நான் போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

புகை வளைந்தது. திரும்பி எங்கள் முகத்துக்கு வந்தது.

காற்று வர வழியில்லாவிட்டால் இப்படித்தான், மேலே போகவேண்டிய நஞ்சு வீட்டுக்குள் வந்துவிடும் என்று எட்வேட் சொல்லிவிட்டு, நாயின் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். சாமி வரம் தருகிறார் என்று அக்கா அந்தப் புகைக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டதை அத்தானும் நினைத்திருப்பார். பிள்ளையாரிடம் போய், ஒளிவட்டத்தின் பின்பக்கத்தைத் திறந்து, பற்றரிகளை எடுத்துக்கொண்டுவந்து எட்வேட்டிடம் நீட்டினார். எட்வேட் வாங்கவில்லை. புதுக் கருவி, புதுப் பற்றரி என்றான்.

இப்போது சாமிகள் மீண்டும் மேலே, கூடத்து மூலையில். பிள்ளையார் சுற்றாமல் அமைதியாக இருக்கிறார். அத்தான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கீழே போய்ப் புதுக்கருவியின் பொத்தானை அமத்துகிறார். அது காது கிழியக் கத்தும். கத்தி முடியும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் மேலே வருவார்.

இந்த ஆயுத பூசையன்றைக்கும் போனேன். காலையிலேயே எட்வேட் வந்து வேலையை முடித்து, அக்காவின் வடையில் மூன்றாவதைக் கடித்துக்கொண்டு, நாய்க்கும் ஒன்று கட்டித் தரமுடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தான். அத்தான் பொயிலருக்குச் சந்தனம் வைத்து ஊதுபத்தி காட்டினார். புகை நேரே மேலே போனது.

"என்ன அத்தான், இந்தமுறை சாமி வரம் தரேல்லைப் போல கிடக்கு?" என்றேன். என்னால் சும்மா இருக்க முடியாது, பிறவிக் குணம்.

"போனமுறை தந்தது காணும், போதும் பிள்ளை" என்றார்.

அப்போது ஸ்தவாங்கரிலிருந்து பிரியந்தினி கூப்பிட்டாள். படிப்பு முடித்து அங்கேயே வேலை. பூசை எப்படி, வடை எப்படி என்றெல்லாம் கேட்டுவிட்டு, குரலைக் கொஞ்சம் தாழ்த்திக் கேட்டாள்.

"அப்பா, பொயிலருக்கு சர்வீஸ் செய்தாச்சோ?"

அத்தான் வாயைத் திறந்தார். 'ஓம்' அவர் நாக்குநுனிவரை வந்ததை நான் கண்டேன். அன்றைக்கு அது உண்மையும்கூட. ஆனாலும் அவர் சொல்லவில்லை. போனை எட்வேட்டிடம் நீட்டினார்.

"எனக்குத் தெரியாது பிள்ளை. செய்த ஆளைக் கேள்."

எட்வேட் வாய் நிறைய வடையோடு 'யா' என்றான்.